அலுமாரி நிறத்தில் ஒரு கிட்டார்

எங்கள் இசைக்குழுவின் லீடர் மாத்தளையில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். எந்த ரேடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மூடியைக் கழற்றி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டு, பழுது எங்கே என்று சொல்லிவிடுவார். ஆகவே ஒருநாள் அவர் சோல்டரிங் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தபோது, என் மூடியைக் கழற்றப் போகிறார் என்று தோன்றியது.

"கிளாக்கரய்யா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றார். "போன கல்யாணத்துல ஒங்க கிட்டார் சரியில்லீங்க."

"கிட்டார் பழசு" என்றேன்.

"கிட்டார் பழசுதான்" என்று உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. "அதான் சொல்றேன், அடுத்த கல்யாண சீசனுக்குள்ள ஏதாச்சும் செய்ங்க. ரத்தோட்டப் பக்கம் தோட்டத்து ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருக்கு. மாதா கோயில்ல கிட்டார் வாசிக்குது. நல்லா வாசிக்குதுன்னு ஃபாதரே சொன்னாரு. நம்ம குரூப்புல ரெண்டு கிட்டாருக்கு ஏதுங்க வேல?"

நான் அப்போது காணிக் கந்தோரில் கிளாக்கர். திங்கள் முதல் வெள்ளி வரை கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்துவேன். சனிக்கிழமைகளில் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிப்பேன். இரண்டிலும் என்னால் யாருக்கும் பெரிய நன்மையோ தீமையோ நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று போனால் மற்றது மட்டும் மிஞ்சும். கோப்புகள் மட்டும் மிஞ்சுகிற ஒரு வாழ்க்கையை நினைத்துப் பார்த்தேன். இனிமேல் சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமை மாதிரியே இருக்கும்.

ஆகக் கேள்வி ஒன்றுதான். பழுது கிட்டாரிலா, ஆளிலா? கிட்டாரில் என்றால் என் இடம் எனக்கு. ஆளில் என்றால் இடம் டீச்சருக்கு. நான் நிறையப் புத்தகம் படிக்கிறவன். அப்படிப் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கோளாறுக்கும் தனக்கு வெளியேதான் காரணம் இருக்கும் என்று ஆதாரத்தோடு நம்புவார்கள். கிட்டார்தான் என்று தீர்மானித்தேன்.

தையல்காரர் அளவெடுப்பது போல, வாசிக்கிற ஆளின் கையையும் காதையும் அளந்து செய்து கொடுக்கிற கிட்டார்கள் வெளிநாட்டில் உண்டென்று ஒரு பழைய ஆங்கில சஞ்சிகையில் படித்திருந்தேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்த மச்சினனிடம், மனைவியின் தம்பிதான், தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவனுக்கு கிட்டாருக்கும் கிண்ணாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் விசாரிக்கிறதில் கெட்டிக்காரன். "இங்க ஒரு சீனாக்காரன் செய்றானாம் மச்சான். கட்டைய முக்கால்வாசி செதுக்கி வச்சிருப்பானாம், நாம போய்ச் சொன்னா நம்ம இஷ்டத்துக்கு முடிச்சுக் குடுப்பானாம். வாங்க, ஊரையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றான்.

மனைவியிடம் சொல்ல வேண்டும். அவளுக்குப் பல்லேபொலையில் சீதனமாக வந்த தோட்டம் ஒன்று இருந்தது. அந்த வருடம் கராம்பு விலை என்றுமில்லாத மாதிரி ஏறியிருந்தது. முற்றத்தில் சாக்கு விரித்துக் கராம்பு காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம், ஏதோ உலக சங்கீதத்தின் எதிர்காலமே இதில் தங்கியிருக்கிறது என்பது போல விளக்கினேன். குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வாங்க" என்றாள்.

நான் எதிர்பார்க்கவில்லை. மறுப்பாள் என்று நம்பி, மறுத்ததும் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"ஆனா இங்க பாருங்க. இதுக்குப் பொறகு கிட்டார் பழசு, கம்பி பழசு, கரண்டு கம்மின்னு ஒண்ணும் வீட்டுக்குள்ள பேசக் கூடாது. ஆமா."

அரசாங்கமும் வடக்கில் இயக்கமும் சமாதானம் பேசுகிறார்கள் என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கண்டிக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதித்து ஏற்றுகிற தடைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். மணல் மூட்டைகள் மட்டும் அப்படியே கிடந்தன. அவற்றில் புல் முளைத்திருந்தது. விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு ஒருவிதப் பயத்தைத் தந்தது. சட்டைப் பையில் அடையாள அட்டையை எடுக்கத் தயாராக விரலை வைத்தபடியே கட்டுநாயக்கா வரை போனேன்.

சிங்கப்பூரில் அந்தப் பட்டறை ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறிப்போய்க் கதவைத் திறந்தால் குளிர்சாதனக் காற்றும் மரத்தூள் வாசனையும் ஒன்றாக வந்தன. செய்கிறவர் என்னைவிட வயதில் குறைந்தவர், ஓயாமல் சிரிக்கிறவர், ஓயாமல் பேசுகிறவர். கடைக்குப் போனால் பொருளைக் காட்டுவார்கள், பார்ப்போம், வாங்குவோம், வருவோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் ஒன்றையும் காட்டவில்லை. என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மச்சினன் நின்றுகொண்டான்.

என் வாழ்க்கையில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து எதிரில் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்தது அதற்கு முன் மூன்று தடவை. ஒன்று பொலிஸில், ஒன்று இராணுவ முகாமில், ஒன்று பெண் பார்க்கப் போன இடத்தில். முதல் இரண்டிலும் சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துத் தமிழனுக்கு அப்படியொரு நேரத்தில் யாரும் சொல்லித்தராமலே ஒரு முறை வந்துவிடும். முதுகு தானாக நிமிரும், குரல் தானாகத் தாழும். பதில் ஒரு வார்த்தைக்கு மேல் போகாது. எதிலும் விருப்பம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. விருப்பத்திலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும். எங்கும் போவதில்லை, எவரோடும் சேர்வதில்லை. முக்கியமாக, எந்த ஆளுடைய பெயரும் வாயிலிருந்து வரக் கூடாது. 'நே மாத்தயா', இல்லை ஐயா. அதற்கு மேல் ஒரு சிங்களச் சொல் தெரியாதவர்கள்கூட அந்த இரண்டு சொல்லில் இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

"எந்தக் கிட்டார்க்காரரின் வாசிப்பு உங்களுக்குப் பிடிக்கும்?" என்று அவர் ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"யாரையும் தெரியாது சேர்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்த மாதிரி இசை வாசிப்பீர்கள்?"

"அப்படி ஒன்றும் இல்லை."

"எங்கே வாசிப்பீர்கள்? மேடையிலா?"

"வீட்டில்தான்."

"யாரோடு சேர்ந்து?"

"தனியாகத்தான் சேர். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை."

மச்சினன் என் தோளில் கைவைத்தான். "ஏன் மச்சான் பொய் சொல்றீங்க? நீங்க குரூப்போட கல்யாணத்துக்குல்ல போறீங்க?" என்று தமிழில் கிசுகிசுத்தான்.

"சும்மா இரு மாப்ள. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

"அவரு என்னா பொலிஸா? கிட்டார் செய்றவரு!"

அது எனக்கும் தெரியும். புத்திக்குத் தெரிந்தது முதுகுக்குத் தெரியவில்லை. கழுத்து தடிப்பாக வேண்டுமா, மெல்லிதாக வேண்டுமா என்று கேட்டார். நடுத்தரம் என்றேன். பாரம்? நடுத்தரம். கம்பி உயரமாகவா, தாழ்வாகவா? எப்படி இருந்தாலும் எனக்குப் பிரச்சினை இல்லை. சத்தம் கூர்மையாகவா, கனமாகவா? சாதாரணமாக. பழைய கிட்டாரில் எது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று கேட்டார். எனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை என்றேன். முறைப்பாடு இல்லாத மனிதன் எதற்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறான் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பேனாவை வைத்துவிட்டு நிறங்களைக் காட்ட எழுந்தார்.

சுவரில் கிட்டார் உடல்கள் வரிசையாகத் தொங்கின. அவருக்கு மிகவும் பிடித்ததை முதலில் இறக்கினார். நடுவில் மஞ்சள், ஓரத்துக்குப் போகப் போக அது சிவந்து சிவந்து, கடைசியில் இரத்தச் சிவப்பு. கிட்டார்களுக்கே உரிய அழகான பூச்சு அது. சஞ்சிகையில் பார்த்து நானே ஏங்கியிருக்கிறேன். நேரில் பார்த்தபோது மச்சினனும் நானும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தோம். மஞ்சளும் சிவப்புமாக வடக்கில் இயக்கம் பறக்கவிட்ட கொடியை எங்கள் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு நிறத்தையும் ஒன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு நாவுலயில் ஒரு கல்யாணத்துக்கு நான் போய் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன்.

"பிடிக்கவில்லையா?" என்றார் அவர், முகம் வாடி.

"மிகவும் அழகு. எனக்கு வேண்டாம்."

அடுத்தது பச்சை. "பச்ச நல்லாருக்கே" என்றான் மச்சினன்.

"பச்ச ஒரு கட்சி மாப்ள. எலெக்ஷன் மாறிச்சின்னா என்ன செய்றது?"

"அப்ப நீலம்?"

"அது மத்தக் கட்சி."

வெறும் சிவப்பு ஒன்று இருந்தது. அடுத்ததைக் காட்டும்படி கையசைத்தேன். சிவப்புக் கொடிக்காரர்களின் கிளர்ச்சி நடந்த எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதில் மாத்தளையில் இருந்தவன் எவனும் சிவப்புக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். செம்மஞ்சளைக் காட்டினார். அது பிக்குமாரின் அங்கிக்கு மிகவும் கிட்டத்தில் வந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பைலா ஆட்டப்பாட்டு வாசித்தால் ஊர் என்ன சொல்லும்? வெள்ளை, சாவீட்டுக் கொடி. கறுப்பு, எதிர்ப்புக் கொடி. ஊதா ஒன்றுதான் பாக்கி. "அது தவக்காலத்துக்கு மாதா கோயில்ல போடுற துணி மாதிரி இருக்கு மச்சான், அதத் தோள்ல போட்டுக்கிட்டுக் கல்யாணத்துல வாசிக்கவா?" என்று இம்முறை மச்சினனே சொல்லிவிட்டான். அவனுக்கும் முறை பிடிபட்டிருந்தது.

கடைசியில், அங்கே மூலையில் ஒரு மர அலுமாரி இருந்தது. மண்ணிறம். அதைக் காட்டினேன்.

"இந்த நிறமா?"

"இந்த நிறம்."

அவர் அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: கழுத்தில் உங்கள் பெயரை முத்துச்சிப்பியில் பதித்துக் கொடுக்கட்டுமா? இதற்கு மட்டும் காசு வாங்குவதில்லை, என் பரிசு.

ஒரு தமிழன் தன் பெயரைக் காசில்லாமல் முத்துச்சிப்பியில் பதித்து, தெருவில் போகிற எல்லாரும் வாசிக்கிற மாதிரி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு திரிவதா? பெயரைப் பார்க்கத்தானே பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்! வேண்டாம் என்றேன். முதலெழுத்து மட்டும்? முதலெழுத்தும் வேண்டாம். ஒரு பூ? பூவென்றால் தாமரையா மல்லிகையா என்று வரும். ஒன்றும் வேண்டாம்.

நான் எழுந்தபோது அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன், எல்லாரும் அது வேண்டும் இது வேண்டும் என்று உயிரை வாங்குவார்கள், ஆசையை இவ்வளவு ஜெயித்த ஒருவரை நான் பார்த்ததில்லை என்றார். தியானம் செய்வீர்களா என்று கேட்டார்.

"இல்லை சேர்" என்றேன். அதையும் அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சில நாள் மச்சினன் வீட்டில் தங்கி ஊர் பார்த்தேன். பிறகு போய் எடுத்தோம். பெட்டிக்குள் படுத்திருந்தது. மண்ணிறம், மழமழவென்று, ஒரு பூ இல்லை, ஒரு எழுத்து இல்லை. மச்சினன் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"எங்க வீட்டு அலுமாரிக் கதவு மாதிரியே இருக்கு மச்சான்."

"அலுமாரிய யாரும் சந்தேகப்பட மாட்டாங்க மாப்ள."

செய்தவர் அதன் வயரை ஒரு ஸ்பீக்கர் பொக்ஸில் குத்தி வாசித்துக் காட்டினார். மரக்கட்டைக்குள்ளிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. மணி அடித்து ஓய்ந்த பிறகு காற்றில் நிற்குமே, அந்த மாதிரி. என் கையில் கொடுத்தார். வெட்கத்தில் இரண்டு கோர்ட் மட்டும் பிடித்து மீட்டிவிட்டு, நல்லாயிருக்கிறது என்று கீழே வைத்துவிட்டேன். அவர் முன்னால் அதற்கு மேல் வாசித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. உண்மையை அறிய அதைவிட வசதியான, தூரமான இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். நிறத்தில் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. என் யோசனை பலித்தது. "வாசியுங்கள் பார்ப்போம்" என்றார் சிங்களத்தில், வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. மின்சாரக் கிட்டாருக்கு உள்ளே குடைவு கிடையாது, கரண்டில் குத்தாவிட்டால் வாய் திறக்காது. அதை விளக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு பைலாவை எடுத்தேன். நிக் நிக் என்று பல்லி சொல்வது போல ஒரு சத்தம் வந்தது. அதிகாரி மேசைக்கு மேலாகக் குனிந்து காதைக் கொடுத்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாத்தயா."

"இதை வாங்கவா சிங்கப்பூர் போனீர்கள்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்த விதத்தில் ஒரு அனுதாபம் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு அதிகாரி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது அதுதான் முதல் தடவை. அது அவமானமா, முன்னேற்றமா என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டில் மனைவி பெட்டியைச் சுற்றி நடந்து பார்த்தாள். "பெயின்ட் அடிக்காமலேயா குடுத்தாங்க?" என்றாள். இது தனியாகச் சொல்லிச் செய்வித்தது என்றேன். "என்னான்னு சொன்னீங்க?" என்றாள். நான் பெட்டியை மூடினேன்.

அடுத்த நாள் கந்தோர் முடிந்து நேரே ரேடியோக் கடைக்குப் போனேன். லீடர் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு, வயரைக் குத்தி, ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டார். வாசித்தேன்.

பழைய கிட்டாரில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். மழை பெய்கிற மாதிரி, மேலே தகரம் இருக்கிற மாதிரி. அந்த இரைச்சலை நான் பல வருடம் திட்டியிருக்கிறேன். அது எனக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. புதியதில் இரைச்சல் இல்லை. நான் தொட்டது மட்டும் கேட்டது, தொட்டபடியே. தாமதமாகத் தொட்டால் தாமதமாக, தவறித் தொட்டால் தவறாக, கண்ணாடி போல. பாட்டின் நடுவில் வழக்கமாக ஒரு இடத்தில் விரலை இழுத்துச் சமாளிப்பேன். அந்த இழுப்பு கடைச் சுவரெல்லாம் பட்டு என்னிடமே திரும்பி வந்தது.

முடித்தேன். லீடர் கை நீட்டிப் பொக்ஸை நிறுத்தினார். பிறகு எழுந்து, கிட்டாரை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"கிட்டார்ல பழுதே இல்லீங்க" என்றார்.

ரேடியோ கொண்டுவருகிறவர்கள் இந்த வசனத்தைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

"நம்ம டீச்சர் ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு இங்க வருது" என்றார், முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுற்றிக்கொண்டே. "ஒரு தடவ அது கையில குடுத்துப் பாப்பமா? ஒங்களுக்கு ஒண்ணும் பிரச்சின இல்லியே?"

"எனக்குப் பிரச்சின இல்ல" என்று என் வாய் சொன்னது. எனக்குப் பெரிய பிரச்சினை இருந்தது. வாய் என்னைக் கேட்கவில்லை.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். முப்பது வயதிருக்கும், கோயில் சேலையும், தோளில் துணி உறையில் தன்னுடைய பழைய மின்சாரக் கிட்டாரும். என் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து, ஒரு தடவை விரலை ஓட்டிவிட்டு நிறுத்தினார்.

"அண்ணே, கம்பி ஏன் இவ்வளவு ஒசரத்துல கெடக்கு? துணி காயப்போடவா?"

லீடர் சிரித்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார்.

"அப்படித்தான் வந்திச்சு" என்றேன்.

"நீங்க கேட்டது இப்படியா?"

"நான் ஒண்ணும் கேக்கலம்மா."

"நல்ல ஆளுண்ணே நீங்க! அவ்வளவு தூரம் போயும் ஒண்ணும் கேக்காமயா வந்தீங்க? நானா இருந்தா அந்த ஆளு கடையப் பூட்டிட்டு ஓடியிருப்பாரு." லீடரிடம் திரும்பினார். "ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க. சின்னது. இது இல்ல, இதவிடச் சின்னது."

தனக்கு என்ன வேண்டும் என்று டீச்சருக்குத் தெரிந்திருந்தது. அதை வாய்விட்டும் சொன்னார். கம்பியை இறக்கினார். இன்னும் கொஞ்சம் இறக்கினார். தோளில் மாட்டும் பட்டியைச் சுருக்கினார். விளக்கை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். பெரிய ரேடியோ ஒன்று மேசையில் இருந்தது. அது என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கு, எடுங்க என்றார். லீடர் எடுத்தார். பிறகு டீச்சர் வாசித்தார்.

அதே கிட்டார், அதே பொக்ஸ், அதே ஸ்டூல். சிங்கப்பூரில் கேட்ட அந்த மணிச்சத்தம், அதைவிடக் கொஞ்சம் குறும்பாக. நான் எதற்கும் விருப்பம் சொல்லாததால் அது யாருக்கும் அளவெடுக்கப்படவில்லை. ஆகவே யாருக்கும் பொருந்தியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்க முடியவில்லை. என் கிட்டார் நல்ல கிட்டார் என்று நிரூபணமாகிவிட்டது. அதற்குத்தானே போனேன்? இல்லை, அதற்காகப் போகவில்லை. பிறகு எதற்காகப் போனேன்?

சனிக்கிழமை நாவுலயில் கல்யாணம். லீடர் ஒரு வழி செய்திருந்தார். டீச்சர் என் கிட்டாரை வாசிப்பது, நான் டீச்சருடைய பழைய கிட்டாரில் பின்னணி வாசிப்பது. "ரெண்டு கிட்டார்னா ஒரு கனம் இருக்குங்க" என்றார். குழுவில் இரண்டு கிட்டாருக்கு வேலை இல்லை என்றவர் இவர்தான். ஆனால் இது அவருடைய இரக்கமா, உண்மையான அபிப்பிராயமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

மண்டபம் நிறைய ஆட்கள். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சுற்று வாசித்தோம். நாங்கள் அவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டார் எழும்பி ஆடினார்கள். நானும் உற்சாகமாகி, என்றுமில்லாத தைரியத்தோடு வாசித்தேன். ஒரு பிழைகூடக் காதில் விழவில்லை. பழைய கிட்டார்தான் எனக்குச் சரி என்றும், என் கை கடைசியில் திருந்திவிட்டது என்றும் நினைத்தேன். புதுக் கிட்டாரைக் கேட்க வந்து முன்வரிசையில் இருந்த என் மனைவிகூட ஒரு தடவை தலையாட்டியதாகத் தோன்றியது.

சாப்பாட்டுக்கு இறங்கும்போது காலில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தேன். என் வயரின் முனை. எதிலும் குத்தப்படாமல் தரையில் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு லீடரிடம் போனேன். அவர் சோற்றுத் தட்டுடன் நின்றார்.

"அட, குத்தலியா?" என்றார். "டீச்சரோட லைனப் பாத்துக்கிட்டே இருந்துட்டேங்க. மறந்தே போச்சு. குத்திக்கங்க, அடுத்த ரவுண்டுக்குக் குத்திக்கங்க." பிறகு கோழித் துண்டில் கவனமானார்.

மறந்தாரா? பல வருடமாக வயர்களோடு வாழ்கிறவர். அல்லது உண்மையிலேயே மறந்திருக்கலாம். எனக்கே தெரியவில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு ஏறியதும் வயரை நானே குத்தினேன். முதல் கோர்டிலேயே டீச்சரின் தலை சடக்கென்று திரும்பியது. "அண்ணே, வந்துட்டீங்களா!" என்று சிரித்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் சத்தக் குமிழைத் திருகிக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம். எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வந்ததும் விட்டேன். அந்த அளவில் கடைசிப் பாட்டு வரை வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சாமான் கட்டும்போது லீடர் வந்தார். டீச்சர் என் கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். "வார சனிக்கெழம தம்புள்ளைல இருக்கு" என்றார் லீடர். "ரெண்டு பேரும் வந்துருங்க. காலைல வான் வரும்."

சொல்லும்போது அவர் பார்த்தது டீச்சரையும் டீச்சர் கையிலிருந்த கிட்டாரையும்.

வாரம் முழுக்க அந்த 'ரெண்டு பேரும்' என்னைத் தின்றது. கந்தோரில் கோப்பைத் திறந்தால் அதுதான் தெரிந்தது. மனைவியிடம் கேட்டேன். "பேருன்னா மனுசங்கதான. கிட்டாரப் போய் யாராச்சும் பேருன்னு சொல்லுவாங்களா?" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "அந்தாளு ரேடியோவையே அவரு இவருன்னுதான் பேசுவாரு" என்றாள்.

சனிக்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தேன். வான் வந்து வாசலில் ஹார்ன் அடித்தது. கிட்டார் என் வீட்டில் இருந்ததால், வான் வந்ததை வைத்தும் எதுவும் தீர்மானிக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து டீச்சரின் கை நீண்டது. பெட்டியை வாங்கி முன்பக்கமாகச் சாய்த்து வைத்தது. டிரைவர் இஞ்ஜினை நிறுத்தவில்லை. நான் வீதியோரத்தில் நின்றேன்.

கதவு மூடவில்லை.

"என்னாங்க, தோரணம் மாதிரி நிக்கிறீங்க?" என்றார் லீடர் முன்சீட்டிலிருந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. "நேரமாகுது."

பின்சீட்டில் டிரம்ஸ் வாசிக்கிறவர் தன் பெரிய டிரம்மை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். அரை ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் வந்தது. ஏறினேன்.